டின் பாலும் தாயின் நேரமும்

சென்ற திங்களில் நம் புதல்வன் பயிலும் பள்ளியிலிருந்து ஒரு சிறு காகிதம் வந்தது. வயது 9, எடை 47 கிலோ, உயரத்திற்கு ஏற்ற அளவை எடை மிக விஞ்சியுள்ளது, வைத்தியரைக் காணுதல் நலம். இவ்வளவே அதிற் கண்ட செய்தி. அதனை நாம் படித்துக் காட்டியபொழுது நம் அன்னையார் நகைத்தார். "பிள்ளை பூசினாற்போல் இருக்கிறான்; இதையும் ஒரு குறையென்று எழுதி அனுப்புவார்களா? ஊர்க் கண் பட்டிருக்கும்; சுற்றிப் போடப்பா" என்றார். நம் இல்லாள் நகைக்கவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அப்பொழுதுதான் வீடு திரும்பியிருந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பிள்ளைக்கு எழுதியதன்று, எனக்கு எழுதியது" என்று மட்டும் சொல்லி உறங்கச் சென்றார்.

அச்சொல் நம்மை உறுத்திற்று. நாம் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கிறோம். காலைப் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதும், குலைகளின் எடையை எழுதுவதும், பற்று வரவு பார்ப்பதும் நம் தொழில். கணக்கெழுதிப் பழகிய கை, இக்காகிதத்திற்கும் ஒரு கணக்கு எழுதிப் பார்க்க விழைந்தது. இந்நாட்டில் நம்மவர் உணவு எப்பொழுது அடுப்பை விட்டு ஆலைக்குச் சென்றது? அதனால் வரவு யாருக்கு, செலவு யாருக்கு? பிள்ளையின் உடலில் ஏறிய எடைக்குத் தாய் ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பழைய வரலாற்றைப் புரட்டினோம். கண்டவற்றைத் தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நம் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அரிசி புகட்டிய முதற் பாடம்

ஆலையில் மெருகேறிய உணவு இந்நாட்டு மக்களை வாட்டியது இதுவே முதன்முறை அன்று. ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன்னர் மலாய் நாட்டில் பெரிபெரி என்னும் நோய் பேயாட்டம் ஆடிற்று. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், நரம்புகள் தளரும், முடிவில் நெஞ்சம் துடிப்பதை நிறுத்தும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். நிலத்திலிருந்து எழும் விஷக்காற்று என்றனர் சிலர். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றனர் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த பிராடன் என்பார் ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். அதே மண்ணில், அதே மழையில், அதனினும் வறிய கூலியில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரிதும் அண்டவில்லை. வேறுபாடு யாது? சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டி வெண்மையாக்கிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. ஆதலின் நோயின் வேர் அரிசியில் உள்ளது என்று அவர் வாதித்தார். அவருடைய நூல் 1907-ல் வெளிவந்தது.

வாதம் மட்டும் போதாதே! கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் வைத்தியர் 1905-ன் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் ஓராண்டு காலம் கொடுத்து வந்தார். வெள்ளை அரிசி உண்ட 120 பேருள் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் ஒருவரும் மாளவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடையே இதனை மீண்டும் சோதித்தனர். ஆலை தீட்டித் தள்ளும் தவிட்டிலேதான் உயிர் காக்கும் பொருள் உள்ளது என்று அவர்கள் 1909-ல் நிறுவினர். 1926-ல் ஜாவாவில் இரு விஞ்ஞானிகள் அப்பொருளைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். பி-1 என்னும் உயிர்ச்சத்து அதுவே.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்பொழுது, தவிட்டிலுள்ள அச்சத்து அரிசி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலை தவிட்டை நீக்கினாலும் சத்து முற்றும் நீங்குவதில்லை. நம் பாட்டன்மாரைக் காத்தது இவ்வளவே.

இதனைக் கேட்டவுடன், "பார்த்தீரா நம் முன்னோரின் ஞானத்தை!" என்று மார்தட்டப் புறப்படுவோர் நம்மிடையே பலர். அவர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். புழுங்கலரிசியில் பி-1 இருப்பதை அறிந்து எவரும் அதனை உண்ணவில்லை. பழக்கம் காரணமாக உண்டனர். அதே பழக்கம்தான், பிள்ளை பெற்ற தாயின் மார்பில் முதன்முதல் ஊறும் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, பச்சைக் குழந்தையின் வாயில் சீனித் தண்ணீரை வைக்கச் சொல்லிற்று. ஒரு பழக்கம் உயிர் காத்தது. ஒரு பழக்கம் உயிருக்கு உலை வைத்தது. எது எத்தகையது என்று பிரித்துக் காட்டியது பழமையன்று, ஆராய்ச்சியே. ஆதலின் பழையதெல்லாம் நன்று என்பதும் புதியதெல்லாம் தீது என்பதும் நம் வாதமன்று. தட்டில் விழுவது எதுவாயினும், அஃது எங்கிருந்து வந்தது, அதிலிருந்து எதனை நீக்கினர், எதனைச் சேர்த்தனர் என்று கேட்கும் அறிவு வேண்டும் என்பதே நாம் கூற விழைவது.

டின் புகுந்த வழி

அரிசியிலிருந்து சத்தை நீக்கியது ஆலை. பாலில் சீனியைச் சேர்த்தது மற்றோர் ஆலை. பாலை வெற்றிடத்தில் வற்றச் செய்யும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-ல் காப்புரிமை பெற்றார். 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரருக்கு அப்பால் டின் டின்னாகச் சென்றது. 1866-ல் சுவிட்சர்லாந்து நாட்டின் சாம் என்னும் ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனி எழுந்தது. 1905-ல் அது நெஸ்லே கம்பெனியுடன் இணைந்தது. 1912-ல் அவ்வாணிகம் பினாங்கில் கால் வைத்தது.

வெப்ப நாடாகிய மலாயாவில் டின் பால் வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. மேய்ச்சல் நிலம் குறைவு, பசும்பால் அரிது, கறந்த பால் உச்சிப்பொழுதுக்குள் திரியும், கறப்பவன் தண்ணீர் கலப்பான் என்னும் ஐயமும் உண்டு. டின் பாலோ திரியாது. ஏன் திரியாது? அதன் எடையில் ஏறக்குறையப் பாதி சீனியாதலின், கிருமிகள் அதில் வாழ மாட்டா. ஊறுகாயை உப்புக் காப்பதுபோல் பாலைச் சீனி காத்தது. காக்கப்பட்டது பால்தான், அதனைக் குடித்த குழந்தை அன்று.

தோட்டத்தில் அதற்கு மற்றொரு காரணமும் வாய்த்தது. அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. பால்மரம் வெட்டும் வேலை விடியுமுன் தொடங்குவது. கதிரவன் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்கு மணி அடித்துவிடும். கைக்குழந்தையை உடைய தாயும் அம்மணிக்கு எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் கிடத்திவிட்டு, நெற்றி விளக்குடன் நிரைக்குச் செல்லுதல் வேண்டும். வெட்டி, மங்கு துடைத்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். 1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அக்கூலியை இழக்க எந்தத் தாயால் இயலும்? மரத்தின் பாலை எடுக்கச் சென்றவளின் மார்பில் பால் கட்டி வலித்தது; கொட்டகையில் குழந்தை அழுதது; அழுகையை அடக்க ஆயாவின் கையில் இருந்தது வெந்நீரிற் கரைத்த டின் பால்.

டின் எவ்வளவு ஆழமாக நம் வாழ்வில் புகுந்தது என்பதற்கு அந்தத் தகரமே சான்று. லயத்து வீடுகளில் அரிசி அளக்கும் படியாக இருந்தது காலிப் பால் டின். பிள்ளைகள் நீர் பருகும் குவளையும் அதுவே. காப்பிக் கடையில் காப்பி வாங்கிச் செல்வோருக்குக் கயிறு கட்டிக் கொடுத்த பாத்திரமும் அதுவே. நம் பாட்டியார் தம் இறுதிக் காலம் வரை, எவர் வீட்டிலாவது விருந்தென்றால், "எத்தனை டின் அரிசி போட்டார்கள்?" என்றுதான் கேட்பார். நாழியும் உழக்கும் போய், நம் உணவை அளக்கும் அளவுகோலாகவே டின் ஆகிவிட்டது!

சிங்கப்பூரில் ஒரு சொற்பொழிவு

1936-ல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். ஜமேய்க்காத் தீவில் 1893-ல் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணிபுரிந்தபொழுது, புரதச் சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் என்னும் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர். சிங்கப்பூருக்கு வந்தவர் இங்கு வேறொரு காட்சியைக் கண்டார். தாயின் மார்பில் பால் இருக்கவும், குழந்தைகள் டின் பாலைக் குடித்து நலிந்து மாண்டுகொண்டிருந்தன.

காரணம் அறிவது அரிதன்று. அன்று மலிவாக விற்ற டின் பாலில் பெரும்பகுதி கொழுப்பு நீக்கியது. கொழுப்புடன் ஏ உயிர்ச்சத்தும் நீங்கிவிடும். அச்சத்து இல்லாத குழந்தையின் கருவிழி உலர்ந்து, கரைந்து, பார்வை முற்றிலும் போய்விடும். விலை கருதி நீர் மிகுதியாகக் கலந்தால் புரதமும் போதாது. புட்டியும் நீரும் தூயவையல்லவென்றால் வயிற்றுப்போக்கு உடன் வரும். இங்கிலாந்தில் 1923-ஆம் ஆண்டு விதிகளே, கொழுப்பு நீக்கிய டின் பாலின் மேல் அது குழந்தைகளுக்கு உதவாதது என்று அச்சிடுமாறு கட்டளையிட்டிருந்தன. ஆனால் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்த தாய் எத்தனை பேர் அன்று லயத்தில் இருந்தனர்? மேலும், தாதியர் உடை தரித்த பெண்களை வீடு வீடாக அனுப்பித் தம் பாலைப் புகழச் செய்யும் வழக்கமும் வாணிகரிடையே இருந்தது. வெள்ளுடை கண்டால் வணங்கும் நம் மக்கள் வேறென்ன செய்வர்?

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் வில்லியம்ஸ் அம்மையார் பேசினார். செல்வரும் வாணிகரும் நிறைந்த அவையில் அவர் தம் பேச்சுக்கு இட்ட தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது. பொருந்தா உணவைப் பொய்ப் புகழ்ச்சியால் விற்பதனால் நேரும் சாவுகளை விதியென்றோ விபத்தென்றோ கொள்ளலாகாது, கொலையென்றே கொள்ளவேண்டும் என்பது அப்பேச்சின் சாரம். இவ்வுரத்த நெஞ்சம் நம் தலைவர்கள் எத்தனை பேருக்கு வாய்த்திருந்தது?

பின்னர் வந்தது ஜப்பானியர் ஆட்சி. அம்மையார் சாங்கி முதலிய காவற்கூடங்களில் 1945 வரை அடைபட்டார். அங்கு டின் பால் இல்லை, புட்டி இல்லை, தாய்மாருக்கே வயிறு நிறைய உணவில்லை. அக்காவலில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் உண்டன. இருபதும் உயிர் பிழைத்தன என்பது அவர் பின்னாளில் கூறிய கணக்கு. வெளியே மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தாங்கிய நம் மக்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. போர்க்காலத்தை நாம் புகழவில்லை. வறுமையிலும் பால் தரவல்ல தாயை, வேலை மணியும் விளம்பரமும் சேர்ந்து எவ்வாறு வறியவள் ஆக்கின என்பதற்கே இதனை எடுத்துக்காட்டினோம்.

1948-ல் அம்மையார் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய்-சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். அவர் தொடங்கிய வழக்கு மெல்ல நகர்ந்து, 1981-ல் குழந்தைப் பால் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறையாக முடிந்தது. அதற்கு 118 நாடுகள் இசைந்தன. எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே. சொற்பொழிவுக்கும் நெறிமுறைக்கும் இடையே கழிந்தவை 42 ஆண்டுகள்!

மெலியச் செய்தது பருக்கச் செய்கிறது

"அது பழங்கதை, இன்று பிள்ளைகள் கொழுத்தல்லவா இருக்கின்றனர்?" என்று கேட்பீர்கள். ஆம், வேடம் மாறியது, ஆள் மாறவில்லை. அன்று பாலுக்குப் பதிலாகச் சீனி சென்ற குழந்தை மெலிந்தது. இன்று மூன்று வேளை உணவுக்கும் மேலாகச் சீனி செல்லும் குழந்தை பருக்கிறது.

2019-ல் மலேசியாவில் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 29.8 வீதம் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். வயது வந்த இந்தியருள் பத்தில் ஆறு பேருக்கு மேல் அந்நிலையினர். பிற இனங்களை விட நம்மவரே இதில் முன்னணியில் நிற்கின்றனர். முன்னணியில் நிற்க வேண்டிய துறைகள் பல இருக்க, இதிலா முன்னணி?

இதனினும் துயரமான செய்தி ஒன்றுண்டு. கோலாலம்பூரின் மலிவு அடுக்குமாடிகளில் வாழும் குழந்தைகளைப் பற்றி யூனிசெஃப் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கு ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 22 பேர் வளர்ச்சி குன்றியவர். நூற்றுக்கு 23 பேர் மிகை எடையினர். ஒரே மாடி, ஒரே மின்தூக்கி, ஒரு கதவுக்குப் பின் குட்டையான பிள்ளை, மறு கதவுக்குப் பின் பருத்த பிள்ளை. இரண்டிற்கும் வேர் ஒன்றே. வயிறு நிறைகிறது, உடல் நிறைவதில்லை.

அன்று புழுங்கலரிசியை வைத்துப் பிளெட்சர் நடத்தியது போன்ற சோதனை ஒன்றை 2019-ல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையம் நடத்தியது. 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த உணவும் கொடுத்தனர். பரிமாறிய உணவில் சீனி, கொழுப்பு, உப்பு, நார் ஆகிய யாவும் இரு முறையிலும் ஒத்த அளவே. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றனர். ஆலை உணவின் முறை வந்தபொழுது, அதே மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினர். அவ்வுணவு மென்மையானது, விரைந்து உள்ளே செல்வது, "போதும்" என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும். வளர்ந்தவர் நிலையே இதுவாயின், விளையாட்டுப் பிள்ளை தன் வயிற்றின் சொல்லைக் கேட்குமா?

நம் வீட்டுக் கணக்கையும் எழுதிப் பார்த்தோம். ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறத்தாழ 20 கிராம். அதில் சேர்த்த சீனி 9 கிராமுக்குக் குறையாது. காலையில் ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி. மாலையில் மீண்டும் இரண்டு. ஆக 36 கிராம். உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சீனி கூடாதென்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவுறுத்தியது. 1,600 கலோரி உண்ணும் பிள்ளைக்கு அது 40 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தல் மேலும் நலம் என்பது அதன் கருத்து. ஆக, இரண்டு குவளையிலேயே நம் புதல்வனின் ஒருநாட் சீனி ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் பொட்டலப் பானமும், பிஸ்கட்டும், மேகி என்று நம்மவர் பொதுப்பெயரால் வழங்கும் மீயும் வருகின்றன.

இன்று டின்னில் இருப்பதும் பெரும்பாலும் பழைய டின் பால் அன்று. பால்கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமரே மிகுதியாக விற்கிறது. மீயைப் பொரிப்பதும் அவ்வெண்ணெயே. இந்நாட்டில் செம்பனை முதன்முதல் வாணிகத்துக்காகப் பயிரிடப்பட்டது 1917-ல், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் என்னும் தோட்டத்தில். பெயரே நம்மவர் வைத்ததைப்போல் இருக்கிறது! நாம் எடை போட்டு லாரியில் ஏற்றும் குலை ஆலைக்குச் செல்கிறது. எண்ணெயாகிப் பின்பு டின்னாகவும் பொட்டலமாகவும் நம் வீட்டுக்கே திரும்புகிறது. அதன் எடை நம் பிள்ளையின் இடுப்பில் ஏறுகிறது. அந்த எடையைத் தான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நாம் எழுதியதில்லை.

குற்றவாளி யார்?

"தாய்மார் சோம்பிவிட்டனர், அம்மியையும் உரலையும் மறந்தனர், பொட்டலத்தைப் பிரித்துப் போடுகின்றனர்" என்று மேடைதோறும் பேசுவோர் உளர். வரலாறு அறியாத பேச்சு இது. சோம்பலால் எந்தத் தாயும் டின்னை எடுக்கவில்லை. அவளுடைய நேரம் விலைக்குப் போயிற்று. நேரம் போன இடத்தில் டின் வந்தது.

நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் பெரட்டு மணி. பின்னர், 1972-ல் பினாங்கு பாயான் லெப்பாசில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை திறந்தது. அவ்வாண்டுகளில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைப் பேருந்து ஏறினர். பகல் முறை, மாலை முறை, இரவு முறை என்று உறக்கமும் சுழன்றது. அடுத்துத் தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன. வீடுகளும் மைதானங்களும் எழுந்தன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குச் சென்ற குடும்பங்கள் இழந்தது வேலையை மட்டுமன்று. வீட்டுப் பின்புறத்து முருங்கையை இழந்தன. பசலைக் கொடியையும் வாழையையும் இழந்தன. கோழிக் கூட்டையும் மாட்டுக் கொட்டிலையும் இழந்தன. தோட்டத்தில் கைநீட்டிப் பறித்த கீரை, ஏழாவது மாடியில் பணம் கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. வாங்கினாலும் ஆய்ந்து, அலசி, சமைக்க ஒரு மணி நேரம் வேண்டும். பொட்டலத்துக்கோ மூன்று நிமிடம் போதும்.

ஆகவே புதிய உணவுக்கும் பொட்டல உணவுக்கும் உள்ள விலை வேறுபாட்டைக் காசில் மட்டும் அளந்தால் கணக்குத் தவறும். ஒன்றுக்கு நேரம் வேண்டும். மற்றொன்று நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி உடலிடம் கடன் வாங்குகிறது. அக்கடனுக்கு வட்டி நீரிழிவு. அசலை அடைப்பது பிள்ளை.

பொட்டலத்தில் வருவன யாவும் நஞ்சு என்றும் நாம் கூறவில்லை. மத்தி மீன் டின் எத்தனையோ ஏழை வீடுகளுக்குப் புரதம் தந்தது. பருப்பும் ஓட்ஸும் பையிலேதான் வருகின்றன. மேலுறையைப் படித்துச் சீனி எத்தனையாவது இடத்தில் நிற்கிறதென்று பார்ப்பவரை எளிதில் ஏய்க்க இயலாது. சிங்கப்பூரில் 2022-ன் இறுதி முதல், பானங்களின் மேல் சீனிக்குத் தக்கபடி ஏ முதல் டி வரை தரமிட்டு, டி தரப் பானத்துக்கு விளம்பரத்தையே தடுத்துவிட்டனர். மலேசியாவில் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானத்துக்கு வரி விதித்தனர். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அவ்வெழுத்துக்களைப் படிக்கக் கற்பித்தால், தொலைக்காட்சி விளம்பரத்தின் வாயைப் பாதி அடைத்துவிடலாம்.

ஆயினும் எழுத்தும் வரியும் மட்டும் சோறு ஆக்கிவிடா. அடுப்புக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு நேரம் வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகவும், வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகவும் திருத்தப்பட்டன. இவற்றைத் தொழிலாளர் சலுகை என்று மட்டும் எண்ணுகிறோம். இவை உணவுச் சட்டங்களும் ஆகும்! தாய்க்குத் திரும்பக் கிடைத்த 38 நாளும் குழந்தையின் வாயில் புட்டி ஏறாத 38 நாளாகலாம். வேலைத்தலத்தில் குழந்தைக் காப்பகம் கேட்பதும், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்த உணவு கேட்பதும், அடுக்குமாடிக்குக் கீழே கீரைப் பாத்திக்கு இடம் கேட்பதும் அவ்வாறே. நம் சங்கங்கள் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுச் சீனிப் பானம் ஊற்றுவதில் காட்டும் முயற்சியில் பாதியை இவற்றில் காட்டலாகாதா?

கணக்கின் முடிவு

இனி நம் வீட்டுக் கணக்கை முடிப்போம். ஒரு ஞாயிறன்று காகிதம் எடுத்து, வீட்டில் உள்ள நால்வரின் நாளையும் மணிவாரியாக எழுதினோம். இல்லாளின் பெயருக்கு நேரே தொழிற்சாலை, பேருந்து, துணி, சமையல், உறக்கம் என்று எழுதிக் கூட்டினால் 24 மணியும் போதாமல் உறக்கத்தில் துண்டு விழுந்தது. முழங்கால் வலியுடைய அன்னையாரின் பெயருக்கு நேரே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளல் என்று இருந்தது. பிள்ளையின் பெயருக்கு நேரே பள்ளி, பாடம், கைப்பேசி. நம் பெயருக்கு நேரே அலுவலகம் முடிந்து இரவு உணவு வரையில் மூன்று மணி நேரம் எதுவும் எழுதப்படாமல் வெறுமையாக நின்றது. நால்வருள் உபரி நேரம் உடைய ஆள் நாம் ஒருவரே! பிறர் நேரத்தைக் குறித்தே ஊதியம் வாங்கிய நாம், நம் நேரத்தை ஒருநாளும் குறித்ததில்லை.

அன்று முதல் மாலைச் சமையல் நம் கையில். முதல் வாரம் குழம்பில் உப்பு மிகுந்தது, அன்னையார் முகம் சுளித்து, "ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதா?" என்றார். நிற்கலாம் என்று அறிந்துகொண்டோம். புதல்வன் கீரை ஆய்கிறான்; பாதி தரையில் விழுகிறது. டின்னை ஒரேயடியாக விலக்கவில்லை. இரண்டு கரண்டி ஒன்றாகிப் பின் அரையாயிற்று. அவன் எடை இன்னும் பெரிதாகக் குறையவில்லை. வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் அதனை எட்டிப் பிடிக்கும் என்றார் வைத்தியர். அவனைப் பட்டினி போடவேண்டாம், குண்டன் என்று எவரும் பழிக்கவேண்டாம் என்றும் கூறினார். அச்சொல்லை நாம் உறவினர் அனைவருக்கும் அறிவித்துவிட்டோம்.

தோழர்களே! நம் பாட்டிமார் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுச் சென்றது அவர்கள் குற்றமன்று. நம் மனைவிமார் பொட்டலத்தைப் பிரித்ததும் அவர்கள் குற்றமன்று. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இட்டுக் கண்ணேறு கழிக்கும் நாம், அதன் குவளையில் விழும் கரண்டியை எண்ணிப் பார்த்தோமா? சமையலறையில் ஒருத்தி மட்டும் நிற்க, திண்ணையில் அமர்ந்து அவளைக் குறை கூறும் ஆடவர் முதலில் எழுந்து உள்ளே செல்வாராக. பின்னர் அவர்களே வெளியே வந்து, தாய்மாரின் நேரத்துக்காக முதலாளியிடமும் அரசாங்கத்திடமும் வாதாடுவாராக. பள்ளியிலிருந்து வரும் அக்காகிதம் தாய்க்கு எழுதியதன்று. அது நமக்கு எழுதியது.